இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே

அசையாத சித்திரங்களை வரிசையாகக் காட்டி அசைவு என்னும் தோற்றத்தை உண்டாக்குவதே அனிமேஷன் கலையின் அடிப்படை. அந்த வரிசையில் நிற்கும் ஒவ்வொரு சித்திரத்தையும் ஃபிரேம் என்கிறோம். காகிதத்தில் வரைந்து படம்பிடித்த காலத்தில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பின்னால் ஒரு மனிதருடைய கை இருந்தது. தலைமைச் சித்திரக்காரர் வரைந்ததாக இருக்கலாம், அவருடைய உதவியாளர் வரைந்ததாக இருக்கலாம், ஆனால் யாரும் தீர்மானிக்காத கோடு என்று ஒன்று திரையில் தோன்ற வழியே இல்லை. இன்றோ பிளெண்டர், மாயா, டூன் பூம் ஹார்மனி, அடோபி அனிமேட் முதலிய மென்பொருள்களில் வேலை செய்கிறவர், ஒரு விநாடிக்குரிய 24 ஃபிரேம்களில் மூன்றையோ நான்கையோ தாம் அமைத்துவிட்டு, எஞ்சியவற்றைக் கம்ப்யூட்டரின் கணக்குக்கு விட்டுவிடலாம். தாம் அமைப்பவை கீ ஃபிரேம்கள்; மற்றவை இடை ஃபிரேம்கள். இந்தப் பங்கீடு எவ்வாறு வந்தது, அதில் யந்திரத்தின் பங்கு எந்த மட்டில் நியாயமானது, எந்த இடத்தில் கலைஞர் அதனிடமிருந்து வேலையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பவையே இக்கட்டுரையில் ஆராய எடுத்துக்கொண்ட விஷயங்கள். இடை ஃபிரேம்களும் தம்முடையவையே என்று பொறுப்பேற்கிற கலைஞரிடத்தில்தான் மென்பொருள் நல்ல ஊழியனாக இருக்கிறது என்பது என் துணிபு. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கண்ணைப் பற்றிய ஒரு பழைய கருத்தைத் திருத்திக்கொள்வது அவசியம். பார்த்த பிம்பம் விழித்திரையில் சிறிது நேரம் தங்குகிறது, அது மறைவதற்குள் அடுத்த பிம்பம் வந்து சேருகிறது, ஆகையால் இரண்டும் கலந்து அசைவாகத் தோன்றுகின்றன என்று பாடப் புத்தகங்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கின்றன. பிம்பங்கள் அவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாகத் தங்குமானால் நாம் காண்பது அசைவாக இராது. பல நிலைகள் குழம்பிக் கிடக்கும் கறையாகவே இருக்கும். 1912-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மனோதத்துவ அறிஞர் மாக்ஸ் வெர்தைமர் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்விஷயத்தில் தெளிவு தந்தது. அருகருகே உள்ள இரண்டு கோடுகளைத் தகுந்த கால இடைவெளி விட்டு மாறிமாறிக் காட்டினால், பார்ப்பவர் ஒரே கோடு இடம்பெயர்வதாக உணர்கிறார். இடைவெளி மிகக் குறுகினால் இரண்டும் ஒரே சமயத்தில் இருப்பதாகவும், மிக நீண்டால் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போவதாகவும் அவருக்குத் தோன்றுகிறது. அசைவைச் சிருஷ்டிப்பது மூளை. ஃபிரேம்கள் அதற்கு ஆதாரங்களை மட்டுமே தருகின்றன.

இதிலிருந்து தொழிலுக்கு வேண்டிய ஓர் உண்மை பிறக்கிறது. மூளை ஒரு ஃபிரேமிலுள்ள வடிவத்தை அடுத்த ஃபிரேமில் மிக அருகில் உள்ள ஒத்த வடிவத்தோடு இணைத்துப் பார்க்கிறது. எட்டு ஆரங்கள் கொண்ட சக்கரம் ஒன்று விநாடிக்கு மூன்று முறை சுழல்வதாக வைத்துக்கொண்டால், 24 ஃபிரேம் கணக்கில் அது ஃபிரேமுக்கு 45 பாகை திரும்புகிறது. ஓர் ஆரம் நின்ற ஸ்தானத்தில் அடுத்த ஆரம் சரியாக வந்து நிற்பதால், சுழலும் சக்கரம் அசையாமல் நிற்பதாகவே தெரியும். வேகத்தைச் சற்றுக் குறைத்தால் பின்னோக்கிச் சுழல்வதாகவும் தெரியும். ஒவ்வொரு ஃபிரேமும் பிழையற்றதாக இருந்தும் அசைவு பொய்யாகிவிடுகிறது. கனடா தேசியத் திரைப்பட வாரியத்தில் பணிபுரிந்த நார்மன் மெக்லாரன், தனித்தனி ஃபிரேமில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டிலும் இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே என்ன நிகழ்கிறது என்பதே அனிமேஷனில் முக்கியம் என்று வலியுறுத்தி வந்தார். காமிராவே இல்லாமல் ஃபிலிம் சுருளின்மேல் நேராகக் கீறியும் வரைந்தும் படம் எடுத்தவர் ஆகையால், அவர் இதைக் கையால் உணர்ந்து சொன்னார் என்றே கொள்ள வேண்டும்.

விநாடிக்கு 24 என்ற எண் கண்ணின் இயல்பிலிருந்து பிறந்ததன்று. மௌனப் படக் காலத்தில் காமிராவைக் கையால் சுழற்றினார்கள்; ஆளுக்கு ஆள், காட்சிக்குக் காட்சி வேகம் மாறியது, அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் விளையவில்லை. 1920-களின் இறுதியில் படத்தோடு ஒலியும் சேர்ந்தபோதுதான், சுருதி பிசகாமல் இருக்க வேகம் நிலையாக இருக்க வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டது. ஒலியின் தரத்துக்கும் ஃபிலிம் செலவுக்கும் இடையே ஏற்பட்ட சமரசமாக 24 நிலைபெற்றது. திரையரங்கின் புரொஜெக்டரோ ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு அல்லது மூன்று முறை வெட்டி வெட்டிக் காட்டிச் சிமிட்டலைத் தவிர்த்தது. 2, 3, 4, 6, 8, 12 என்ற எண்களால் மீதமின்றி வகுபடும் எண் 24 என்பது அனிமேஷன் கலைஞர்களுக்குத் தற்செயலாகக் கிடைத்த பாக்கியம். அவர்களுடைய காலக் கணக்கு முழுவதும் இந்த வகுபாட்டின்மேல்தான் எழுந்தது.

கைவேலைக் காலத்தின் சரித்திரத்தை நான் சுருக்கமாகவே சொல்லப் போகிறேன்; ஆயினும் அதை முற்றிலும் விட்டுவிட முடியாது, ஏனெனில் இன்றைய மென்பொருளின் ஒவ்வொரு பொத்தானுக்கும் மூலம் அங்கேதான் இருக்கிறது. 1892 அக்டோபர் 28-ஆம் தேதி பாரிஸ் நகரத்து கிரெவின் காட்சிசாலையில் எமில் ரெய்னோ காட்டிய படங்களில் ஒன்றில் 500 சித்திரங்கள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக வரைந்து வர்ணம் தீட்டியவரும், சுருளைத் தம் கையால் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்சியை நீட்டியவரும் அவரே. 1908-இல் எமில் கோல் தமது ‘ஃபாந்தாஸ்மகோரி’ படத்துக்காக ஏறத்தாழ 700 சித்திரங்கள் வரைந்து, ஒவ்வொன்றையும் இரண்டு ஃபிரேம்களுக்குப் படம்பிடித்தார். உழைப்பைப் பாதியாக்கிய அந்த உபாயம் இன்றளவும் வழக்கில் இருக்கிறது. தொழிலில் உள்ளவர்கள் அதை ‘டூஸ்’ என்றும், ஃபிரேமுக்கு ஒரு சித்திரம் வைப்பதை ‘ஒன்ஸ்’ என்றும் சொல்கிறார்கள். வின்சர் மெக்கே 1914-இல் வெளியிட்ட டைனோசர் கெர்ட்டியின் படத்துக்கு, பின்னணியையும் ஒவ்வொரு காகிதத்திலும் திரும்பத் திரும்ப வரைய வேண்டியிருந்தது. அவர் ஓர் அசைவின் முக்கிய நிலைகளை முதலில் வரைந்து, அவற்றின் நடுநிலையை அடுத்து வரைந்து, அந்த இடைவெளிகளையும் மறுபடி பாதியாக்கிக்கொண்டே போனார். பிற்காலத்தில் டிஸ்னி முதலிய ஸ்டூடியோக்களில் இந்தக் கிரமமே தொழில் பிரிவினையாக வளர்ந்தது: அனுபவம் மிக்கவர் முக்கிய நிலைகளை வரைவார், காகிதத்தின் ஓரத்தில் சிறு அளவுகோடு போட்டு, இடைச்சித்திரங்கள் எந்த நிலைக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்று குறிப்பார், உதவியாளர் அக்குறிப்பின்படி நிரப்புவார்.

அந்த ஓரக் குறிப்பை நாம் மறந்துவிடக் கூடாது. உதவியாளர் இடைச்சித்திரத்தை வரைந்தாலும், அதன் ஸ்தானத்தைத் தீர்மானித்தவர் தலைமைக் கலைஞரே. கைவேலையை உதவியாளரிடம் கொடுத்தார், தீர்மானத்தைக் கொடுக்கவில்லை.

கம்ப்யூட்டர் இந்த உதவியாளரின் ஸ்தானத்துக்கு வந்த கதை ரசமானது. கனடா தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த நெஸ்டர் பர்ட்னிக் 1969-இல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு மாநாட்டில், டிஸ்னி ஸ்டூடியோவைச் சேர்ந்த ஒருவர் முக்கியச் சித்திரங்களுக்கும் இடைச்சித்திரங்களுக்கும் உள்ள பிரிவினையை விளக்கக் கேட்டார். இடைச்சித்திர வேலை கணக்குக்கு வசப்படக்கூடியது என்று அவருக்குத் தோன்றியது. ஊர் திரும்பியதும் அவரும் மார்செலி வெயினும் அதற்கான நிரல்களை எழுதினார்கள். பீட்டர் ஃபோல்டேஸ் என்னும் கலைஞர் அவற்றைக் கொண்டு 1974-இல் ‘பசி’ என்று பொருள்படும் தலைப்பில் எடுத்த குறும்படம், கான் விழாவில் பரிசு பெற்று ஆஸ்கார் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. உண்டு உண்டு உடல் பெருகிக்கொண்டே போகும் ஒரு மனிதனின் கதை அது. முகம் பாத்திரமாகவும் பாத்திரம் உடலாகவும் உருகி மாறும் அந்தக் கோடுகளில், எந்தக் கோடும் எந்தக் கோட்டோடும் இணையலாம் என்ற கணக்கின் சுபாவமே பேராசையின் உருவமாக ஆகிவிட்டது. யந்திரத்தின் இயல்பை மறைக்க முயலாமல் அதையே கதைக்கு உரியதாக்கிக்கொண்ட ஃபோல்டேஸின் சாமர்த்தியத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் ஒவ்வொரு கதையும் உருகி மாறுவதைப் பற்றியதாக இருக்க முடியாதே! பிற்காலத்தில் பிக்ஸார் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான எட் கேட்மல், நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்தபோது 1978-இல் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில் இதன் அடிப்படைத் தடையை எடுத்துக்காட்டினார். காகிதத்தில் உள்ள சித்திரம் கலைஞருடைய மனத்திலுள்ள முப்பரிமாண உருவத்தின் தட்டையான நிழல். முகம் பக்கவாட்டில் திரும்பும்போது மறைந்திருந்த காது வெளிப்பட வேண்டும், தெரிந்த கண் மறைய வேண்டும். இந்தச் செய்தி எதுவும் கோடுகளில் இல்லை, மனிதர் தம் அறிவால் நிரப்பிக்கொள்கிறார், கணக்கால் அது முடியாது என்பதே அவர் காட்டிய காரணம். அந்தத் தடை இரண்டு வழிகளில் கடக்கப்பட்டது. உருவத்தையே முப்பரிமாணப் பொம்மையாகக் கம்ப்யூட்டருக்குள் அமைத்துவிடுவது ஒரு வழி. மாயா, பிளெண்டர் ஆகியவை பின்பற்றுவது இது. உருவத்தைத் தலை, மேற்கை, முன்கை என்று தனித்தனித் துண்டுகளாக வெட்டி எலும்புகளால் பிணைப்பது மற்றொரு வழி. தட்டைச் சித்திர மென்பொருள்கள் பலவற்றில் இது வழங்குகிறது. இரண்டிலும் கணக்குக்கு உட்படுவது கோடன்று, எண். முழங்கை எத்தனை பாகை மடங்கியது, இடுப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்னும் எண்கள்.

ஓர் எண் ஐந்தாம் ஃபிரேமில் இவ்வளவு, பதினேழாம் ஃபிரேமில் இவ்வளவு என்று குறித்துவிட்டால், நடுவிலுள்ள பதினொரு ஃபிரேம்களுக்கும் உரிய மதிப்பை மென்பொருள் இடைச்செருகல் கணக்கால் கண்டுபிடித்துக்கொள்கிறது. கணக்கு மூன்று விதம். முதல் கீயின் மதிப்பை மாற்றாமல் வைத்திருந்து அடுத்த கீயில் சட்டென்று தாவுவது ஒன்று. இரண்டுக்கும் நடுவே நேர்க்கோடு போடுவது ஒன்று. வளைகோடு போடுவது ஒன்று. புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: ஒரே புள்ளி வரிசையை நேர்க்கோட்டாலும் இணைக்கலாம், நெளிவாலும் சுற்றி வரலாம், புள்ளிகள் மாறாதிருக்க, கோலம் வேறாகிவிடுகிறது. இந்த வளைகோட்டின் கணிதம் அனிமேஷனுக்காகப் பிறந்ததுகூட அன்று. ரெனோ கம்பெனியில் பியர் பெசியேயும் சித்ரோயன் கம்பெனியில் பால் த காஸ்தல்ஜோவும் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மோட்டார் வண்டியின் வளைந்த உடலை வரையறுப்பதற்காகக் கண்டது அது. இன்று கிராஃப் எடிட்டர் என்னும் சாளரத்தைத் திறந்தால், கீயின் இருபுறமும் கைப்பிடிகளோடு நெளிந்து கிடப்பது அந்த மோட்டார் வண்டியின் வளைவுதான்.

பந்து விழுவதை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விடப்பட்ட பந்து தரையைத் தொட அரை விநாடி, அதாவது 12 ஃபிரேம் ஆகும். அந்தப் பன்னிரண்டை மும்மூன்று ஃபிரேம்களாக நான்கு பாகங்களாக்கினால், ஒவ்வொரு பாகத்திலும் பந்து கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் பெருகும் என்பது கலிலியோ கண்ட விதி. ஆகவே பாதிக் காலம் கழிந்த ஆறாம் ஃபிரேமில் பந்து பாதி வழியில் இருப்பதில்லை. கால் வழியில்தான் இருக்கிறது. நேர்க்கோட்டுக் கணக்கோ அதைப் பாதி வழியில் வைக்கிறது. விழுவதற்குப் பதில் ஏதோ கம்பியில் கட்டி இறக்கப்படுவதாகத் தோன்றுகிறது. பல மென்பொருள்கள் தாமாகவே தரும் வளைகோடு இன்னும் மோசம்: அது இரு முனைகளிலும் வேகத்தைத் தணிப்பதாகையால், தரையை நெருங்க நெருங்கப் பந்து தயங்கி, எடை என்பதே இல்லாத பொருளாகிவிடுகிறது. தரையிலுள்ள கீயின் கைப்பிடிகளை முறித்து, வரும் வேகமும் எழும் வேகமும் கூர்மையாகச் சந்திக்கும்படி செய்த பிறகே அந்தப் பந்துக்குக் கனம் உண்டாகிறது. கீ ஃபிரேம்கள் இரண்டும் ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் இருந்தன. பிழை முழுவதும் நடுவே இருந்தது. அனிமேஷன் பயில்கிறவர்களுக்கு முதற்பாடமாகப் பந்தை வைத்த ஆசிரியர்கள் மிகுந்த விவேகமுள்ளவர்கள்.

இதைப் போன்ற இடறல்கள் இன்னும் பல உண்டு. நடக்கும் மனிதனின் ஊன்றிய பாதம் இரண்டு கீ ஃபிரேம்களில் ஒரே இடத்தில் இருந்தும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேகத்தைச் சமாளிக்க வளைகோடு எல்லை மீறிப் பாய்வதால், நடுவே பாதம் தரைக்குள் அமிழ்ந்தோ வழுக்கியோ போகிறது. தோளிலிருந்து மூட்டு மூட்டாகச் சுழற்றப்படும் கை இயல்பாகவே வில்லாக வளைந்து வீசுகிறது. அதே கையை மணிக்கட்டைப் பிடித்து இழுக்கும் முறையில் அமைத்தால், இரண்டு கீக்களுக்கு நடுவே அது நேர்க்கோட்டில் போகிறது, மனித உடல் அப்படி அசைவது அபூர்வம். 350 பாகையில் ஒரு கீயும் 10 பாகையில் அடுத்த கீயும் வைத்தால், 20 பாகை முன்னே செல்ல வேண்டிய பொருள் 340 பாகை பின்னோக்கிச் சுழல்கிறது, ஏனெனில் கணக்குக்கு எண்கள் தெரியுமேயன்றி வட்டம் தெரியாது. இந்தக் கடைசிச் சங்கடத்துக்குப் பரிகாரமாகக் கென் ஷூமேக் 1985-இல் குவாடர்னியன் என்னும் நான்கு உறுப்பு எண்களைக் கொண்டு சுழற்சியைக் கணிக்கும் முறையை அனிமேஷனுக்குக் கொண்டுவந்தார். இன்று அது பல முப்பரிமாண மென்பொருள்களில் கிடைக்கிறது.

அனுபவசாலிகள் இவற்றைத் தவிர்க்கக் கைக்கொள்ளும் முறை குறிப்பிடத்தக்கது. அவர்கள் வேலையைத் தொடங்கும்போது இடைச்செருகலை அறவே நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு நிலையும் அடுத்த கீ வரையில் அசையாமல் நின்று சட்டென்று மாறும்படி வைத்து, நடிப்பும் காலமும் அந்தக் கரடுமுரடான தாவல்களிலேயே விளங்குகின்றனவா என்று பார்க்கிறார்கள். விளங்காவிட்டால் மேலும் நிலைகளைச் சேர்க்கிறார்கள். நான்கு ஃபிரேமுக்கு ஒன்று, சில இடங்களில் இரண்டுக்கு ஒன்று என்று கீக்கள் நெருங்கிய பிறகே வளைகோட்டை அனுமதிக்கிறார்கள். அவ்வளவு நெருக்கத்தில் கணக்குக்குத் தவறு செய்ய அவகாசம் குறைவு. இதற்கு மாறாக, விநாடிக்கு இரண்டு கீ வைத்துவிட்டு வளைகோட்டை நம்பும் புதியவரின் பாத்திரங்கள் நீருக்கடியில் இருப்பதுபோல மிதக்கின்றன. எந்த நிலையிலும் நிற்பதில்லை, எந்த நிலையிலிருந்தும் புறப்படுவதில்லை. முப்பரிமாணம் கற்பிக்கும் பள்ளிகள் முதல் சில மாதங்களுக்கு வளைகோட்டை மாணவர் கண்ணில் காட்டாமலே இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

பிக்ஸாரைச் சேர்ந்த ஜான் லாசெட்டர் 1987-இல் வெளியிட்ட கட்டுரை, கைச்சித்திரக் காலத்துத் தத்துவங்களை முப்பரிமாணத்துக்குப் பொருத்திக் காட்டியது. அதில் அவர் கவனித்த விஷயங்களுள் ஒன்று மிகவும் நுட்பமானது. கையால் வரைந்த பாத்திரத்தை அரை விநாடி ஒரே சித்திரத்தில் நிறுத்தினால் பார்ப்பவர் அதைப் பொறுத்துக்கொள்கிறார். கம்ப்யூட்டரில் வார்த்த உருவத்தை அவ்வாறு நிறுத்தினால், அதே கணத்தில் ஜீவன் போய்விடுகிறது. ஆகையால் நிற்கும்போதும் தலை ஓர் இழை சாய வேண்டும், மார்பு மெல்ல ஏறித் தாழ வேண்டும்.

நிறுத்தி வைக்கும் கலையைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். ஜப்பானியக் கலைஞர் தேஜுகா ஒசாமு 1963 ஜனவரி 1-ஆம் தேதி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடர் வாராவாரம் வர வேண்டியிருந்தது. பணமும் ஆளும் போதவில்லை. ஒரு சித்திரத்தை மூன்று ஃபிரேம்களுக்கு நிறுத்துவது, வாயை மட்டும் அசைப்பது, வரைந்த அசைவுகளைச் சேமித்து வைத்து மறுபடி பிரயோகிப்பது ஆகிய சிக்கனங்கள் அப்போது நிர்ப்பந்தத்தால் வந்தவை. ஆனால் வறுமையில் பிறந்த அந்த வழக்கம் ஒரு நடையாகவே முதிர்ந்தது: நீண்ட நிறுத்தம், பிறகு திடீரென்று ஃபிரேமுக்கு ஒரு சித்திரமாகப் பொங்கும் அசைவு. 2018-இல் வந்த ‘ஸ்பைடர்-மேன்: இன்டு த ஸ்பைடர்-வெர்ஸ்’ படத்தில் கம்ப்யூட்டர் எல்லா ஃபிரேம்களையும் நிரப்பித் தரக் காத்திருந்தும், கலைஞர்கள் அதை மறுத்து, பெரும்பாலான அசைவுகளை டூஸில் வைத்தார்கள், மோஷன் பிளர் என்னும் வேகக் கலங்கலையும் தவிர்த்தார்கள். காட்டில் பீட்டர், மைல்ஸ் என்னும் இரு பாத்திரங்களும் வலைநூலில் தாவும் காட்சியில், கைதேர்ந்த பீட்டர் ஒன்ஸில் வழுவழுவென்று செல்கிறான். கற்றுக்கொள்ளும் மைல்ஸ் டூஸில் தத்தித் தடுமாறுகிறான். ஒரே திரையில் ஃபிரேம் கணக்கே குணசித்திரமாகிறது. கம்ப்யூட்டர் அனிமேஷனில் இதைவிடச் சிறந்த ஃபிரேம் பிரயோகத்தை நான் கண்டதில்லை.

சாதாரண மக்களின் கைக்கு ஃபிரேம் வந்து சேர்ந்தது ஃபிளாஷ் மென்பொருளால்தான். ஜானதன் கே முதலியோர் 1996-இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் வெளியிட்டதை மேக்ரோமீடியா அவ்வாண்டின் இறுதியில் வாங்கிப் பெயர் மாற்றியது. பின்னர் அது அடோபியிடம் சென்று 2016-இல் அனிமேட் ஆயிற்று. ஃபிரேமை நீட்ட எஃப்5, கீ ஃபிரேம் வைக்க எஃப்6, வெற்றுக் கீ ஃபிரேம் வைக்க எஃப்7 என்ற மூன்று விசைகள் ஒரு தலைமுறைக்கே விரல்நுனியில் பதிந்தன. முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களை மங்கலாக ஊடுருவிக் காட்டும் ‘ஆனியன் ஸ்கின்’ வசதி, விளக்குப் பலகையின்மேல் காகிதங்களை அடுக்கிப் பார்த்த பழைய வழக்கத்தின் மறுபிறவி. ஸ்டூடியோ ஜிப்லி பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருள் 2016 முதல் ஓப்பன்டூன்ஸ் என்று யாவர்க்கும் இலவசமாகக் கிடைக்கிறது. மேலிருந்து கீழாக ஃபிரேம் எண்களை அடுக்கும் பழைய எக்ஸ்-ஷீட் அதில் அப்படியே இருக்கிறது. ஒரு சித்திரம் எத்தனை ஃபிரேம் நிற்கிறது என்பதைக் கண்ணால் கண்டு எண்ணுவதற்கு அதைப் போன்ற சாதனம் வேறில்லை.

இனி எண்ணிக்கை விஷயம். இது வறண்டதாகத் தோன்றினாலும், வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். சினிமாவுக்கு 24, இந்தியா, இலங்கை முதலிய நாடுகளின் தொலைக்காட்சிக்கு 25, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 1953-இன் வர்ணத் தொலைக்காட்சி ஏற்பாட்டால் 30 என்பது 29.97 ஆயிற்று. இந்தச் சிறு குறைவால் ஒரு மணி நேரத்தில் 108 ஃபிரேம் வித்தியாசம் சேர்கிறது. அதைச் சரிக்கட்ட, பத்தின் மடங்கல்லாத ஒவ்வொரு நிமிஷத்தின் தொடக்கத்திலும் இரண்டு எண்களைத் தாண்டி எண்ணுகிறார்கள். தாண்டப்படுவது எண்தான், படமன்று. வேலையின் நடுவில் விநாடிக் கணக்கை 24-லிருந்து 25-ஆக மாற்றினால், பல மென்பொருள்களில் கீக்கள் தத்தம் ஃபிரேம் எண்ணிலேயே நிற்க, ஒலி மட்டும் தன் காலத்தில் செல்கிறது. நிமிஷத்துக்கு இரண்டரை விநாடி வரை உதடும் சொல்லும் பிரிந்துவிடுகின்றன. முதல் கீ வைப்பதற்கு முன்பே இந்த எண்ணைத் தீர்மானித்துவிட வேண்டும்.

சுழற்சியாக ஓடும் நடையில் வேறொரு பிசகு. முதல் ஃபிரேமில் வலது கால், பதின்மூன்றில் இடது கால், இருபத்தைந்தில் மறுபடி வலது கால் தரையைத் தொடுகிறது என்றால், படமாக்க வேண்டியது 1 முதல் 24 வரையில்தான். இருபத்தைந்தையும் சேர்த்துவிட்டால் ஒரே நிலை இருமுறை காட்டப்பட்டு, ஒவ்வொரு சுற்றிலும் நடை ஒரு கணம் விக்குகிறது. எண்ணை ஒன்றில் தொடங்குவதா பூஜ்யத்தில் தொடங்குவதா என்பதிலும் மென்பொருளுக்கு மென்பொருள் வழக்கம் மாறுகிறது. விசேஷக் காட்சி ஸ்டூடியோக்கள் பலவற்றில் 1001-இலிருந்து தொடங்குகிறார்கள். காட்சிக்கு முன்னால் சில ஃபிரேம்கள் தேவைப்பட்டாலும் எண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது.

முடிந்த வேலையை ரெண்டர் செய்யும்போது, அதாவது கம்ப்யூட்டரைக் கொண்டு இறுதிப் படமாக்கும்போது, நேராக வீடியோவாக எடுக்காமல், ஃபிரேமுக்கு ஒரு படக் கோப்பாக எடுப்பதே விவேகம். எண்ணூறாவது ஃபிரேமில் மின்சாரம் போனாலும் எண்ணூறிலிருந்து தொடரலாம். வீடியோக் கோப்பானால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். ஒன்றரை மணி நேரப் படத்துக்கு 1,29,600 ஃபிரேம் என்பதை நினைத்தால் இந்த ஜாக்கிரதையின் அருமை தெரியும்.

கீ ஃபிரேமே வேண்டாம், நடிகரின் அசைவை நேராக அளந்துகொள்வோம் என்பது மோஷன் காப்சர் முறை. தமிழில் 2014-இல் வந்த ‘கோச்சடையான்’ அம்முறையில் எடுக்கப்பட்ட படம். கருவிகள் விநாடிக்கு நூறு முறைக்கு மேலாகக்கூட உடலின் நிலைகளைப் பதிவு செய்வதால், ஒவ்வொரு ஃபிரேமும் கீ ஃபிரேம் ஆகிவிடுகிறது. கீ இல்லாத ஃபிரேமே இல்லை என்ற நிலை, கீயே இல்லை என்ற நிலைக்குச் சமானம். எதைத் திருத்துவதானாலும் ஆயிரக்கணக்கான எண்களைத் தொட வேண்டியிருக்கிறது. ஆகையால் கலைஞர் அந்தப் பதிவிலிருந்து அவசியமான நிலைகளைப் பொறுக்கி எடுத்து, மற்றவற்றைக் களைந்து, மறுபடியும் மெக்கேயின் வழிக்கே வந்து சேருகிறார்.

சமீப காலத்தில் கற்றுணரும் கணக்குகளைக் கொண்டு, முடிந்துபோன படத்தின் ஃபிரேம்களுக்கு நடுவே புதிய ஃபிரேம்களைப் புகுத்தி, 24-ஐ 60 ஆக்கித் தரும் கருவிகள் பரவியிருக்கின்றன. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் இதே வேலையைச் செய்யும் வசதி பலருக்குத் தெரியாமலே இயங்குகிறது. பழைய அனிமேஷன் படங்களை இவ்விதம் வழுவழுப்பாக்கிக் காட்டுவதை நான் அங்கீகரிக்க மாட்டேன். சக் ஜோன்ஸ் 1942-இல் எடுத்த ‘டோவர் பாய்ஸ்’ படத்தில், ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குப் பாயும் பாத்திரம் நடுவே ஓரிரு ஃபிரேம்களில் மட்டும் நீண்டு தேய்ந்த வர்ணக் கீற்றாகிறது. அந்தக் கீற்று அதற்குரிய சிறுபொழுதில் வந்து மறைவதனாலேயே வேகமாக உணரப்படுகிறது. அதற்கு இருபுறமும் கணக்கு நுழைந்து பாதிக் கீற்றுகளையும் பாதி முகங்களையும் உண்டாக்கினால், கலைஞர் தாவச் சொன்ன இடத்தில் பாத்திரம் ஊர்கிறது. டூஸில் நிறுத்தி வைத்த நிலைகள் நிற்க இடமின்றி நழுவுகின்றன. மேகம் நகர்வதற்கும் காமிரா மெல்லத் திரும்புவதற்கும் இக்கருவிகளைக் கலைஞரே தம் வேலைக்குள் பயன்படுத்திக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அங்கே இடைவெளியைத் தீர்மானிப்பவர் அவர்தாம். பார்ப்பவர்கள் தங்கள் பெட்டியில் அந்த வசதி இயங்குகிறதா என்று ஒருமுறை பார்த்து, இயங்குமானால் அனிமேஷன் படம் பார்க்கும் வேளையிலாவது அதை நிறுத்திவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.